கறுப்பு மணலுக்கு ஒரு பஸ்

டூர் மேனேஜர் வேலை என்பது, ஓர் இடத்துக்கு இப்போதுதான் வந்து இறங்கியவர்களிடம் அடுத்த இடத்துக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவோம் என்று சொல்லிக்கொண்டே இருப்பதுதான். ஜன்னல் சீட்டுக்குத் துண்டு போட்டவர்கள், கடைசி சீட்டில் உட்கார்ந்து இடுப்பு கழன்றவர்கள், அலையில் காலை நனைத்த அந்த நிமிஷத்தில் "எல்லாரும் வண்டிக்கு வாங்க" என்ற குரலைக் கேட்டுப் பல்லைக் கடித்தவர்கள், நீங்கள் எல்லாரும் என்னை மன்னிக்க வேண்டும். அந்தக் குரல் என்னுடையது.

கோவில்பட்டியில் ஒரு சின்ன டூர் ஆபீசில் பதினாலு வருஷமாக இருக்கிறேன். முதல் இரண்டு வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். ஆட்களைக் கூட்டிப் போகிறவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். முதலாளி அண்ணாச்சி என்னைப் பார்த்து, "செல்வி, நீ ஏறு" என்றார். ஏறினேன். எனக்கும் வீட்டில் நாலு நாள் சேர்ந்தாற்போல் இருந்தால் கால் தரிக்காது. வீட்டுக்காரர் ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் பார்க்கிறவர், அவருக்குக் கண்ட இடத்தில் உட்காரத் தெரியும், தூங்கவும் தெரியும். எனக்கு ரெண்டும் வராது.

காசி, கொடைக்கானல் என்று எல்லா ஊருக்கும் போகிறோம். ஆனால் எங்கள் ஆபீசுக்குப் பெயர் வந்தது கறுப்பு மணல் கடற்கரைகளால்தான். அது எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

தப்பான படிக்கட்டு

வர்க்கலாவில் கடலுக்கு மேலே செங்குத்தாக ஒரு பாறைச் சுவர் நீளமாக ஓடுகிறது. கடலுக்கு இறங்க அங்கங்கே படிக்கட்டு. நோட்டீசில் போட்டிருந்த வெள்ளை மணலுக்கு ஒரு படிக்கட்டு என்றால், நான் அவசரத்தில் முப்பத்தைந்து பேரையும் வடக்குக் கோடியில் இருந்த வேறொரு படிக்கட்டில் இறக்கிவிட்டேன். கீழே போய்ப் பார்த்தால் கரி கொட்டிக் காயப்போட்டது மாதிரி ஒரே கறுப்பு. முப்பத்தைந்து பேரும் கடலைப் பார்க்கவில்லை. காலுக்குக் கீழே பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். விதைக்கடைக்காரர் வீட்டம்மா ஒருவர்தான் வாயைத் திறந்தார். "ஏம்மா, கறுப்பா மண்ணு பாக்கதுக்கா ஆறு மணி நேரம் பஸ்சுல வந்தோம்? எங்க கரிசக் காட்டுல நின்னா கறுப்பு இல்லாமலா போச்சு?" (இதே கேள்வியை அதற்குப் பிறகு எத்தனையோ பேர் எத்தனையோ கடற்கரையில் கேட்டுவிட்டார்கள். இறங்கின அஞ்சு நிமிஷத்துக்குள் யாராவது ஒருத்தர் கேட்காவிட்டால் எனக்குத்தான் என்னமோ போல் இருக்கும்.)

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஊர் திரும்பும் வழியெல்லாம் அண்ணாச்சிக்கு என்ன பதில் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு, ஒரு சீட்டில் உட்காராமல் பஸ்சுக்குள் முன்னும் பின்னும் நடந்தேன். ஆனால் அந்தக் கறுப்பில் எடுத்த போட்டோக்களில் அரக்குச் சேலையும் மஞ்சள் சேலையும் பளிச்சென்று விழுந்திருந்தன. அலை வந்து நுரை விட்டுப் போகிற இடத்தில் யார் நின்றாலும் சினிமாவில் நிற்கிற மாதிரி இருந்தது. பஸ் திருநெல்வேலி தாண்டுவதற்குள் எல்லாருடைய ஸ்டேட்டசிலும் அதுதான். மறுநாள் ஆபீசுக்குப் பயந்து பயந்து போனால், போன் அடித்தபடி இருக்கிறது. அந்தக் கறுப்பு பீச்சுக்கு அடுத்த வண்டி எப்போது என்று கேட்கிறார்கள். அண்ணாச்சி போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்: "நீ தப்பா எறங்குனியோ சரியா எறங்குனியோ, இனிமே அந்தப் படியிலதான் எறங்கணும்."

உச்சி வெயிலில் மோர்

கறுப்பு மணலைப் பற்றி ஒரு விஷயம் எந்த நோட்டீசிலும் இருக்காது. காலையில் பாய் விரித்தது மாதிரி ஜிலுஜிலுவென்று இருக்கும். பதினோரு மணிக்கு மேல் தோசைக்கல்.

இரண்டாவது முறை போனபோது வழியில் டயர் பஞ்சராகி நாங்கள் போய்ச் சேர்ந்ததே பன்னிரண்டரை மணிக்கு. எங்கள் ஆட்களுக்குக் கடலும் கோயில் மாதிரிதான், செருப்பை மேலேயே கழற்றி வரிசையாக விட்டுவிட்டு இறங்கிவிட்டார்கள். படி நிழலில் இருந்தது. முதல் ஆள் மணலில் கால் வைத்தார், நாலு எட்டு ஓடினார், பிறகு குதித்தார். அவர் கரகம் ஆடுவதாக நினைத்துப் பின்னால் வந்தவர்கள் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். அரை நிமிஷத்தில் இருபது பேர் மணலுக்கு நடுவில், முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல், ஒற்றைக் காலை மாற்றி மாற்றி நிற்கிறார்கள். ஒரு பெரியவர் தோளில் கிடந்த துண்டைக் கீழே போட்டு அதன் மேல் ஏறி நின்றுகொண்டார். அவருடைய மனைவி அவரைத் தள்ளிவிட்டு ஏறினார்.

நான் மேலே ஓடி ஒரு கை செருப்பை அள்ளிக்கொண்டு வருவதற்குள் சமையல் பேச்சிமுத்து சாப்பாட்டுக்காகக் கீழே கொண்டுவந்திருந்த மோர் டிரம்மைத் திறந்துவிட்டான். படியிலிருந்து தண்ணீர் ஓரம் வரைக்கும் நேர்கோடாக மோரை ஊற்றிக்கொண்டே போனான். கறுப்பு மணலில் வெள்ளையாக ஒரு பாதை. கறிவேப்பிலை, கடுகு, பச்சை மிளகாய் எல்லாம் அதில் கிடந்தன. இருபது பேரும் அதில் வரிசையாக நடந்து கடலுக்குள் போய் நின்றார்கள். யாருக்கும் கொப்புளம் பெரிதாக இல்லை என்று பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. துண்டுக்காரப் பெரியவர் முழங்கால் தண்ணீரில் நின்றபடியே கேட்டார்: "ஏலே பேச்சிமுத்து, காலுக்கு ஊத்துனது போக வாய்க்கு ஒரு டம்ளர் கெடக்கா?"

காந்தம்

குமரிப் பக்கம் ஒரு கடற்கரை. அங்கே மணல் பாதி செம்மையும் பாதி கறுப்புமாக வரி வரியாக இருக்கும். அன்று வந்தவர்களில் ஒருவர் சவுண்ட் சர்வீஸ் கடை வைத்திருப்பவர். பையிலிருந்து பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை எடுத்து மணலில் வைத்துத் தூக்கினார். கறுப்பு மணல் மட்டும் அதில் ஒட்டிக்கொண்டு, கோபம் வந்த பூனை மாதிரி மயிர் சிலிர்த்து நின்றது. அவ்வளவுதான். நாற்பது பேரும் அவரைச் சுற்றி நின்றுவிட்டார்கள். என்கிட்ட குடுங்க, என்கிட்ட குடுங்க என்று காந்தம் கை மாறிக்கொண்டே இருந்தது. சாவியை ஒட்டவைத்தார்கள், சேப்டி பின்னை ஒட்டவைத்தார்கள். ஒரு அம்மா தாலிச் சங்கிலியை வைத்துப் பார்த்து, ஒட்டவில்லை என்றதும் பெருமூச்சு விட்டு வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார். நேரமாகிவிட்டது என்று நான் கத்திக் கத்தி எல்லாரையும் ஏற்றினேன். வண்டி மெயின் ரோட்டுக்கு வந்து ஒரு பத்து நிமிஷம் இருக்கும். பின் சீட்டிலிருந்து ஒரு குரல்: "ஏலே, நாம கடலைப் பாத்தோமா?"

வெயில் அடிக்கா?

ஒருமுறை தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிமார் பத்துக் குடும்பம் சேர்ந்து வெளிநாடு போக வேண்டும் என்றார்கள். (எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர்.) பாலித் தீவின் வடக்குக் கரைக்குக் கூட்டிப் போனோம். அங்கே கடற்கரை முழுக்க எரிமலை கக்கின சாம்பல் நிற மணல். விடிவதற்கு முன்னால் படகில் கூட்டிப்போய் டால்பின் காட்டுவார்கள். இரண்டு பக்கமும் மூங்கில் கட்டின ஒல்லிப் படகு, நாலு பேர்தான் உட்காரலாம்.

என் படகில் மாரியப்பன் அண்ணாச்சியும் அவர் மனைவி கோமதி அக்காவும். அண்ணாச்சிக்கு இறங்கின நாள் முதல் ஒரே கவலை. மருந்து முக்கின குச்சி காய்வதற்கு வெயில் வேண்டும், ஊரில் மேகம் போட்டிருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சாப்பிடும்போதும் போன், கோயில் வாசலிலும் போன். அந்தப் படகிலும் சிக்னல் கிடைத்துவிட்டது. கடலுக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் சூரியன் எழும்புகிறது. அண்ணாச்சி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாட்ச்மேனைக் கூப்பிட்டு, "ஏலே, அங்கன வெயில் அடிக்கா?" என்று கத்துகிறார். ஸ்பீக்கரில் வாட்ச்மேன் குரல் தூக்கக் கலக்கத்தில் வந்தது. "மொதலாளி, இங்கன மணி மூணே முக்கா. இன்னும் சேவலே கூவல."

சரியாக அந்த நேரம் படகுக்குப் பக்கத்தில் ஆறேழு டால்பின்கள் ஒன்றாக எழும்பித் தண்ணீரை வாரி இறைத்துவிட்டு உள்ளே போயின. கோமதி அக்கா என் கையை நகம் பதிகிற மாதிரி பிடித்துக்கொண்டார். அண்ணாச்சி திரும்பிப் பார்ப்பதற்குள் வளையம் வளையமாகத் தண்ணீர்தான் மிச்சம். "என்னது, என்னது? இன்னொரு தடவ குதிக்கச் சொல்லுங்கம்மா" என்றார் படகுக்காரரைக் காட்டி. இன்னும் ஒரு மணி நேரம் சுற்றினோம். ஒன்றும் எழும்பவில்லை. அண்ணாச்சி போனைச் சட்டைப் பைக்குள் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். கரை ஏறும்போது அக்காவைக் கைகொடுத்து இறக்கினேன். டால்பின் எப்படி இருந்தது என்று கேட்டேன். அக்கா கறுப்பு மணலில் காலை ஊன்றி நின்று, முன்னால் போகிற அண்ணாச்சியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கல்யாணமாகி இருபத்தாறு வருசத்துல இவிய என்கூட வந்த மொத வெளியூரு இதுதான் செல்வி. இங்கனயும் முழுசா வரல, பாதி ஆளு கோவில்பட்டியிலதான் இருக்காவ."

திலமாத்தி

பேர் சொன்னால் சட்டென்று தெரியாது. கர்நாடகத்தில் கார்வாருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கடற்கரை. அங்கே ஒவ்வொரு மணலும் எள்ளு மாதிரி இருக்கும், எள்ளுக்கு அந்தப் பக்கம் தில் என்பார்கள், அதனால்தான் அந்தப் பெயர். படகில் போகலாம், இல்லாவிட்டால் ஒரு சின்னக் குன்றைத் தாண்டி நடக்கலாம். மாசி மாசம், காட்டு வேலை முடிந்து உளுந்தும் பாசிப்பயறும் வீட்டுக்கு வந்த பிறகு, எப்போதும்வென்றான் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு பஸ் ஆட்களைக் கூட்டிப் போனேன். வண்டி கிளம்பின பிறகுதான் விஷயம் தெரிந்தது. முன் சீட்டில் இருந்த சீனிவாசனும் கடைசி சீட்டில் இருந்த வரதராஜனும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி. இரண்டு பேர் காட்டுக்கும் நடுவில் உள்ள வரப்பை, எங்கள் பக்கத்துச் சொல்லில் பொழியை, யார் உழுது சேர்த்துக்கொண்டது என்று கோர்ட்டில் வழக்கு. ஒன்பது வருஷமாகப் பேச்சு கிடையாது. அவர்கள் பெண்டாட்டிமார் இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பேசிவைத்துக்கொண்டு, புருஷன்மாருக்குத் தெரியாமல் ஒரே வண்டியில் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வழியெல்லாம் நான்தான் தபால்காரி. "அந்தாளை ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்க." "காத்து வேணுங்கவன்தான் ஜன்னல் பக்கம் உக்காருவான்னு சொல்லுங்க."

திலமாத்தியிலிருந்து திரும்பும்போது படகு பத்துப் பத்துப் பேராக ஏற்றிப்போனது. பெண்கள் எல்லாரும் போயாயிற்று. கடைசி நடைக்கு வரவேண்டிய படகு வரவில்லை. போன் போட்டால், எஞ்சின் நின்றுவிட்டது, இரண்டு மணி நேரமாகும் என்கிறார் படகுக்காரர். வெயில் சாய்கிறது. கரையில் எட்டுப் பேர். குன்று ஏறித் தாண்டிவிடலாம் என்று பேச்சிமுத்துவோடு மற்றவர்களை அனுப்பினேன். சீனிவாசனுக்கு முட்டு வலி, ஏற முடியாது. அவருக்காக நான் இருந்துதான் ஆக வேண்டும். வரதராஜன் கிளம்பிப் பத்தடி போனவர் திரும்பி வந்து, "எனக்கும் காலு ஒரு மாதிரி இருக்கு" என்று இருபதடி தள்ளி உட்கார்ந்துகொண்டார். காலையில் இதே ஆள் குன்று உச்சி வரைக்கும் ஓடிப்போய் போட்டோ எடுத்துவிட்டு வந்ததை நான் பார்த்தேன்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்கரையில் பஸ் நிற்கிறது. இருட்டுவதற்குள் கிளம்பாவிட்டால் மறுநாள் திட்டம் எல்லாம் குலைந்துபோகும். ஒரு பாறைக்கும் இன்னொரு பாறைக்கும் நடந்தேன், போன் போட்டேன், மறுபடி நடந்தேன். அலை வேறு ஏறி ஏறி வந்தது, உட்கார இருந்த இடம் பாதியாகிவிட்டது. சீனிவாசன் ஒரு கை மணலை அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். "எள்ளேதான். என்ன தாயி, அப்படியே வெதைச்சிரலாம் போல இருக்கு" என்று என்னிடம் சொன்னார். இருபதடி தள்ளி இருந்தவர் கடலைப் பார்த்துச் சொன்னார். "வெதைச்சு? ஒரு சொட்டு ஈரம் நிக்காது இதுல." சீனிவாசன் என் பக்கம் திரும்பினார். "அடியில நிக்கும்னு சொல்லுங்கம்மா." நான் சொல்வதற்கு முன்பே வரதராஜன், "எங்க நிக்குது, தோண்டிப் பாக்கச் சொல்லுங்க" என்றார்.

சீனிவாசன் உட்கார்ந்த இடத்திலேயே தோண்ட ஆரம்பித்தார். பக்கத்து மணல் சரிந்து சரிந்து குழியை மூடியது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த தம்பி எழுந்து வந்து, சரிகிற பக்கத்தில் இரண்டு கையையும் அணை கொடுத்து வைத்தார். ஒரு முழம் போனதும் ஈரம் வந்தது. "பாத்தியாடா?" என்றார் அண்ணன். "இது கடல் ஈரம்ணே, மழை ஈரமா இது? செடி கருகிரும்" என்றார் தம்பி. அண்ணே என்ற சொல்லைக் கேட்டு நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். அவர்கள் நிறுத்தவில்லை. கரிசலில் ஒரு மழை பெய்தால் எத்தனை நாள் ஈரம் நிற்கும், இந்த வருஷம் பாசியில் பூச்சி விழுந்ததா, முட்டுக்கு என்ன தைலம் போடுகிறாய், மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்த்தாயா என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. பொழியைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. படகுச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்த் துப்பட்டாவை ஆட்டினவள் நான்தான். அவர்கள் ஆற அமர எழுந்து, தம்பி தோளில் அண்ணன் கை போட்டு, அலைக்குள் இறங்கிப் படகில் ஏறினார்கள். கரை நெருங்கும்போது இரண்டு பெண்டாட்டிமாரும் அங்கே காத்து நிற்பது தெரிந்தது. தம்பி தோளில் இருந்த கையைச் சீனிவாசன் எடுத்துக்கொண்டார். என்னிடம் குனிந்து மெல்லச் சொன்னார்: "நாங்க பேசிக்கிட்டத ஊர்ல சொல்லிராதீங்கம்மா, எங்க வக்கீல் கோவிச்சுக்கிடுவாரு."

என் விடுமுறை

கடைசியாக ஒன்று. போன வருஷம் என் மகள் கேட்டாள், ஊரையெல்லாம் கூட்டிப்போகிறாயே, எங்களை எப்போது கூட்டிப்போவாய் என்று. வீட்டுக்காரர் மில்லில் லீவு சொன்னார். மூன்று பேரும் வர்க்கலாவுக்குப் போனோம். செருப்போடுதான் இறங்கினோம். காலை எட்டரை மணி, கறுப்பு மணல் ஜில்லென்று கிடந்தது. அவர் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். மகள் அலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கால் விரலால் மணலைக் கீறிக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்தேன். கடலைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஒரு ஐந்து நிமிஷம் இருக்கும்.

தண்ணீர் பாட்டில் வாங்கி வருகிறேன் என்று எழுந்தேன். படியில் ஒரு மதுரைக் கூட்டம் வழி தெரியாமல் நின்றது. அவர்களுக்குப் பாத்ரூம் எங்கே என்று காட்டினேன். அவர்கள் டூர் மேனேஜர் புதுசு, சின்னப் பெண். பயந்துபோய் இருந்தாள். மணல் சூடாவதற்குள் ஆட்களை மேலே ஏற்றிவிடு என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு வயசானவருக்குக் கைகொடுத்து இறக்கிவிட்டேன். அலைக்குள் ரொம்ப தூரம் போன இரண்டு பேரைக் கத்திக் கூப்பிட்டேன். எல்லாரும் என்னை மேடம் என்றார்கள்.

திரும்பி வந்து பார்த்தால் துண்டும் இல்லை, ஆட்களும் இல்லை. அந்த இடத்தில் அலை வந்து போயிருந்தது. முதலில் வேறு இடத்தில் தேடுகிறேனோ என்று நினைத்தேன். அந்தக் கோடி வரைக்கும் போனேன், இந்தக் கோடி வரைக்கும் ஓடினேன். இரண்டு பேருடைய போனும் என் பையில்தான் இருக்கின்றன. மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு ஆளைத் தொலைத்ததில்லை நான். அந்த மதுரைப் பெண்ணே ஓடிவந்து, "யாரைத் தேடுறீங்க மேடம்?" என்று கேட்டாள். வீட்டுக்காரரையும் மகளையும் என்றேன். அவள்தான் அண்ணாந்து பார்த்துக் கையைக் காட்டினாள். மேலே பாறை விளிம்பில் ஒரு டீக்கடை. கம்பி வேலிக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு இரண்டு படியாக ஏறிப் போனேன். சண்டை போடத்தான் போனேன். மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டுக்காரர் நாற்காலியைக் காலால் என் பக்கம் நகர்த்திவிட்டு, சத்தம் போடாமல் சொன்னார்: "நீ எப்ப எங்களைத் தேடுதேன்னு பாக்கத்தான் ஏட்டி இங்கன வந்து உக்காந்தோம், ஒரு மணி நேரம் பத்து நிமிசம் ஆச்சு."

கறுப்பு மணல் கடற்கரைகள் எல்லாமே போய்ப் பார்க்க வேண்டியவைதான், ஆனால் பார்ப்பதற்கு ஓர் இடத்தில் உட்கார வேண்டியிருக்கிறது, அதற்கு மட்டும் எங்கள் ஆபீசில் இன்னும் டூர் போடவில்லை.